வேலை தேடும் கைகளும் கூப்பிய கைகளும்

2010ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு மழைநாள் மாலை. வவுனியாவுக்கு அண்மையில் உள்ள ஒரு பங்கில் நாம் அப்போது பணியாற்றிக்கொண்டிருந்தோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் குருமனை விறாந்தைக்கு வந்தார். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, இருக்கச் சொல்லியும் இருக்காமல் நின்றபடியே பேசினார்.

"சுவாமி, சூசையப்பருக்கு ஒன்பது நாள் நவநாள் செய்து முடிச்சிட்டன். மனுசியும் பிள்ளையளும் ஒவ்வொரு இரவும் செபமாலை சொல்லுகினம். நான் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. ஒரு வேலையும் சரிவரேல்லை. ஒண்டு கேக்கிறன், கோவிக்கக் கூடாது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எத்தினை ஊர் மாறிப்போனம். எங்கட விலாசம் மாறினது ஆண்டவருக்குத் தெரியாமப் போச்சோ?"

அவர் கிளிநொச்சி மாவட்டத்தில் ஆறு ஏக்கர் வயலும் ஓர் உழவு இயந்திரமும் வைத்திருந்த கமக்காரர். காலபோக அருவிவெட்டுக் காலத்தில் பத்துப் பன்னிரண்டு பேருக்குக் கூலி கொடுத்தவர். 2008ஆம் ஆண்டில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, 2009ஆம் ஆண்டில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கிடந்து, வெளியே வந்தபோது அவருடைய காணி கண்ணிவெடி அகற்றப்படாத பகுதிக்குள் இருந்தது. மைத்துனரின் வளவில் ஒரு தகரக் கொட்டிலில் குடும்பம் ஒதுங்கியிருந்தது. கூலி கொடுத்த கை கூலி தேடி அலைந்தது.

குருமடத்தில் செபத்தைப் பற்றி நாம் படித்த பாடங்களில் அவருடைய கேள்விக்கு விடை இருக்கவில்லை. தேநீர் கொடுத்தோம், ஆறுதலாக இரண்டு வார்த்தை சொன்னோம், அவ்வளவுதான். அவர் போனபின் எமது நினைவு வேறு ஒரு வேலை தேடிய கமக்காரரிடம் சென்றது. அவர் எமது தகப்பனார்.

மண்வெட்டியில் பூசிய மண்

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்ததை வாசகர்கள் பலர் அனுபவத்தில் அறிவீர்கள். எமது குடும்பமும் அந்தக் கூட்டத்தில் நடந்தது. அடுத்த ஆண்டில் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்குப் போய், ஈற்றில் மல்லாவிப் பக்கத்தில் ஒரு கொட்டில் போட்டோம். அப்போது எமக்குப் பதினான்கு வயது. செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்த தகப்பனாருக்கு வன்னியில் ஒரு சாண் நிலமும் இல்லை.

விடியும் முன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சந்திக்குப் போவார். அங்கே அவரைப்போல நாற்பது ஐம்பது பேர் நிற்பார்கள். உழவு இயந்திரப் பெட்டியோடு யாராவது வந்து, "பத்துப் பேர் ஏறுங்கோ" என்று சொன்னால் இளம் பெடியன்கள் பாய்ந்து ஏறிவிடுவார்கள். ஐம்பதை எட்டிய தகப்பனார் ஓரமாக நின்றுவிடுவார்.

ஒருநாள் பின்னேரம், நெடுநேரமாகியும் அவர் வரவில்லை என்று அம்மா எம்மைத் தேடி அனுப்பினார். குளக்கட்டுக்குக் கீழே அவரைக் கண்டோம். குந்தியிருந்து, வாய்க்காலில் ஈரமண்ணை அள்ளி மண்வெட்டியின் அலகில் பூசிக்கொண்டிருந்தார். அன்று வேலை கிடைக்கவில்லை என்பது வீட்டாருக்குத் தெரியக்கூடாது. கூலியைப் பிறகு தருவார்கள் என்று சொல்லிச் சமாளிக்கலாம். எம்மைக் கண்டதும் ஒன்றும் பேசாமல் எழுந்து, "வா, போவம்" என்றார்.

அன்றிரவு ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு வழமைபோலச் செபமாலை சொன்னோம். தகப்பனார்தான் முன்னின்று சொல்வார். ஆண்டவர் கற்பித்த செபத்தில் அன்றாட உணவைக் கேட்கும் இடம் வந்ததும் அவருடைய குரல் நின்றுவிட்டது. அம்மா தொடரவில்லை; காத்திருந்தார். சற்று நேரத்தில், "இண்டைக்கும் வேலை இல்லை. நேற்றும் இல்லை" என்றார். பிறகு செபம் தொடர்ந்தது.

பல ஆண்டுகள் கழித்தே எமக்கு அதன் பொருள் விளங்கியது. மண் பூசாத மண்வெட்டியோடு தகப்பனார் போய் நிற்கக்கூடிய ஓர் இடம் அந்தச் செபம்தான். மனைவியிடமும் பிள்ளைகளிடமும் மறைத்ததைக் கடவுளுக்கு முன் மறைக்க முடியவில்லை. கடவுளுக்கு முன் சொன்னதைக் குடும்பமும் கேட்டது. மறுநாள் அம்மா பக்கத்துக் கொட்டிலில் இருந்த மாமியிடம் உள்ளதைச் சொன்னார். அங்கேயும் அதே கதைதான். அந்த வரிசையில் இருந்த ஏழு குடும்பங்களும் பேசி ஓர் ஒழுங்கு செய்துகொண்டன: யாருக்கு அன்று கூலி கிடைத்ததோ, அவர் வேலை கிடைக்காத வீட்டுக்கு ஒரு சுண்டு அரிசி கொடுப்பார். முறை மாறி வரும். அந்தப் போகம் முழுவதும் தகப்பனாருக்கு ஒழுங்கான வேலை கிடைக்கவில்லை. ஆனால், எமது அடுப்பு எரியாத நாள் மிகக் குறைவு.

திராட்சைத் தோட்டத்து எசமான்

மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையை எல்லோரும் கேட்டிருக்கிறோம். தோட்டச் சொந்தக்காரர் ஒருவர் விடியற்காலையில் சந்தைவெளிக்குப் போய்க் கூலியாட்களைப் பேசி அனுப்புகிறார். ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், மூன்று மணிக்கும் மீண்டும் போகிறார். ஐந்து மணிக்குப் போனபோதும் சிலர் நிற்கிறார்கள். மாலையில் எல்லோருக்கும் ஒரு தெனாரியம், அதாவது ஒருநாட் கூலி, கிடைக்கிறது.

இந்த உவமையைப் பிரசங்கங்களில் விளக்கும்போது, முதலில் வந்தவர்களின் முறுமுறுப்பைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். சந்தியில் நின்று பார்த்தவர்களுக்கு வேறு ஒன்று தெரியும். ஐந்து மணிவரை நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். சோம்பேறி ஒன்பது மணிக்கே வீட்டுக்குப் போயிருப்பான். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று எசமான் கேட்டபோது, தங்களை எவரும் வேலைக்கு எடுக்கவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறார்கள். அதற்கு எசமான் அவர்களை ஏசவில்லை; புத்தி சொல்லவுமில்லை; வேலைக்குப் போகச் சொல்கிறார்.

வேலையில்லாதவருக்குப் பசியிலும் பெரிய துன்பம் வெட்கம். "முயற்சி போதாது", "விசுவாசம் போதாது", "ஏதோ பாவத்துக்குத் தண்டனை" என்று அயலார் சொல்லாவிட்டாலும் அவருடைய மனமே அவருக்குச் சொல்லும். உழைக்க மனமில்லாதவன் உண்ணவும் கூடாது என்ற புனித பவுலின் அறிவுரையைச் சிலர் அவர்மேல் கல்லாக எறிவார்கள். பவுல் எழுதியது மனமில்லாதவரைப் பற்றி, இடமில்லாதவரைப் பற்றியல்ல. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981ஆம் ஆண்டு மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், வேலையின்மையை ஒரு தீமை என்றே குறிப்பிட்டு, எல்லோருக்கும் வேலை கிடைக்க வழிசெய்யும் பொறுப்பு சமூகத்துக்கும் அரசுக்கும் உண்டு என்று கற்பித்தார். இளமையில், நாசிகள் போலந்தை ஆண்ட காலத்தில், கல்லுடைக்கும் இடத்தில் கூலியாக நின்றவர் அவர்.

இடம்பெயர்ந்த புனிதர்கள்

சூசையப்பரைத் தொழிலாளரின் பாதுகாவலராக வணங்குகிறோம். 1955ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மே மாதம் 1ஆம் திகதியை அந்தத் திருவிழாவுக்குக் குறித்தார். படங்களில் சூசையப்பர் எப்போதும் நாசரேத்துப் பட்டறையில், உளியும் வாளும் கையுமாக நிற்கிறார். ஆனால், ஏரோதுக்குப் பயந்து இரவோடிரவாகக் குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடியபோது எந்தப் பட்டறையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்? பாஷை தெரியாத ஊரில் யாருடைய படலையில் நின்று வேலை கேட்டிருப்பார்? நற்செய்தி அதைச் சொல்லவில்லை. திரும்பி வந்தபோதும் யூதேயாவுக்குப் போக அஞ்சி, வடக்கே நாசரேத்தில் குடியேறினார் என்று மட்டும் மத்தேயு சொல்கிறார். நினைத்த இடத்துக்குத் திரும்ப முடியாத துன்பம் அவருக்கும் தெரியும்.

திருத்தூதர் பணிகள் நூலில் அக்கிலா, பிரிஸ்கில்லா என்ற கணவனும் மனைவியும் வருகிறார்கள். யூதர்கள் உரோமையை விட்டு வெளியேற வேண்டும் என்று கிளவுதியு பேரரசன் கட்டளையிட்டதால் கொரிந்து நகருக்கு வந்தவர்கள். கூடாரம் செய்வது அவர்களுடைய தொழில். அதே தொழில் தெரிந்த பவுல் அவர்களிடம் போய்ச் சேர்ந்து, அவர்களோடு தங்கி வேலை செய்கிறார். வெளியேற்றப்பட்ட ஒரு குடும்பம் புனித பவுலுக்கு வேலையும் இடமும் கொடுத்தது. பிற்காலத்தில் அவர்களுடைய வீட்டில் விசுவாசிகள் செபத்துக்குக் கூடினார்கள்.

எமது நாட்டின் அப்போஸ்தலரான புனித யோசப் வாஸ் அடிகளார் 1687ஆம் ஆண்டு ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது குருவின் உடையில் வரவில்லை. கூலியாளின் கோலத்தில் வந்தார். கூலி என்ற சொல்லைக் கேட்டுத் தலைகுனியும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிச் செபிப்பது?

வேலை தேடுபவர் எப்படிச் செபிக்கலாம் என்று கேட்டால், எமக்குத் தெரிந்த அளவில் மூன்று காரியங்களைச் சொல்வோம்.

முதலாவது, உண்மையைச் சொல்லிச் செபியுங்கள். கோபம் இருந்தால் கோபத்தையும், வெட்கம் இருந்தால் வெட்கத்தையும் சொல்லுங்கள். திருப்பாடல்களைப் பாடியவர்கள் கடவுளோடு வழக்காடத் தயங்கவில்லை. குடும்பமாகச் செபிக்கும்போது பிள்ளைகளுக்கும் ஓரளவுக்கு நிலைமையைத் தெரியவிடுங்கள். வீட்டில் எல்லோரும் அறிந்த கஷ்டம் பாதிக் கஷ்டம்.

இரண்டாவது, பேரம் பேசாதீர்கள். வேலை கிடைத்தால் இன்னது செய்வேன் என்று நேர்ந்துவிட்டு, வட்டிக்குக் காசு வாங்கி நேர்த்திக்கடன் தீர்த்த குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். பிள்ளையின் பால்மாவை நிறுத்தி மெழுகுதிரி கொளுத்தும்படி எந்தப் புனிதரும் கேட்கமாட்டார். குறித்த நாளுக்குள் குறித்த வேலை கிடைக்காவிட்டால் கடவுள் கைவிட்டார் என்று முடிவு கட்டவும் வேண்டாம்.

மூன்றாவது, 'எனக்கு' என்று கேளாமல் 'எங்களுக்கு' என்று கேளுங்கள். ஆண்டவர் கற்பித்த செபம் முழுவதும் பன்மையில்தான் இருக்கிறது. எனக்கு உணவு கேட்கும் அதே வாயால் பக்கத்துக் கொட்டிலுக்கும் கேட்கிறேன். அப்படிக் கேட்டபின், ஓர் இடத்தில் ஆள் தேவை என்று அறிந்தும் அயலவருக்குச் சொல்லாமல் ஒளித்து வைக்க முடியாது.

செபத்தை முடித்து எழுந்தபின்

எழுந்தபின் செய்யவேண்டியவையும் உண்டு. "என்ன வேலையெண்டாலும் செய்வன்" என்று சொல்லுவதைவிட, தெரிந்த வேலைகளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கமக்காரனுக்கு நீரிறைக்கும் இயந்திரம் திருத்தத் தெரியும். வேலி அடைக்க, கிணறு இறைக்க, நாற்று மேடை போட, விதை தெரிவு செய்யத் தெரியும். பெண்களுக்குத் தையலும் வடகம், ஊறுகாய் போடுவதும் தெரியும். இவை எல்லாம் தொழில்கள்.

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி ஆகியவற்றின் பிரதிகளைப் பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள். இன்னொரு தொகுதியை நம்பிக்கையான உறவினர் வீட்டில் வையுங்கள். சிறு கொப்பி ஒன்றில் வேலை செய்த நாள், வேலை கொடுத்தவர், பேசிய கூலி, கிடைத்த கூலி ஆகியவற்றை எழுதிவாருங்கள். கூலியைப் பொழுது படுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது மோசேயின் சட்டம். கூலிக்காரர் ஏழையாகையால் அதை நம்பியிருக்கிறார் என்று இணைச்சட்ட நூல் காரணமும் சொல்கிறது. நாட்டின் சட்டத்திலும் உங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் முதன்முதலாகத் தேசிய மட்டத்தில் குறைந்தபட்ச நாட்கூலியை 400 ரூபா என்று நிர்ணயித்தது. அதன்பின் அது பல தடவை உயர்த்தப்பட்டிருக்கிறது. நிறுவனங்களில் வேலை செய்வோருக்கு ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்கொடுப்பவர் நூற்றுக்கு 12, தொழிலாளி நூற்றுக்கு 8 வீதம் செலுத்த வேண்டும். தற்காலிக வேலையாள் என்பதைக் காரணம் காட்டி அதை மறுக்க முடியாது. சந்தேகம் இருந்தால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் கேளுங்கள்.

வெளிநாட்டு வேலை என்று வருபவர்களிடம் கவனமாக இருங்கள். 1985ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அந்த முகவருக்கு உரிமம் உண்டா என்று விசாரியாமல் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம். தாலிக்கொடியை அடைவு வைத்துக் கொடுத்த காசு திரும்பி வராத வீடுகளில் நாம் இருந்து அழுதிருக்கிறோம்.

வேலைக்குப் போகும் பெண்களின் பாதுகாப்பு குடும்பத்தின் தனிப்பட்ட விடயம் மட்டுமல்ல. கதிர் பொறுக்க வந்த விதவை ரூத்தை ஒருவரும் தொடக்கூடாது என்று வயற்காரர் போவாசு வேலையாட்களுக்குக் கட்டளை கொடுத்தார். வேலை கொடுப்பவர் யாராயினும் அது அவருடைய கடமை. இளம் பெண்களைத் தனியே அனுப்பாமல் இருவர் மூவராக அனுப்புங்கள்.

அடையாளம் தெரியாமல் வந்தவர்

விலாசத்தைப் பற்றிக் கேட்டவரிடம் திரும்புவோம். இரண்டு கிழமைக்குப் பிறகு அவர் மறுபடி வந்தார். முகத்தில் கோபம்.

"சுவாமி, முந்தி என்ர வயலிலை வேலை செய்த பெடியன் ஒருத்தன் இப்ப மேசன். நேற்று வீடு தேடி வந்தான். 'ஐயா, சொல்லக் கூச்சமாக் கிடக்கு. வீட்டுத்திட்ட வேலை கொஞ்சம் எடுத்திருக்கிறன். சீமெந்து குழைக்க ஓர் ஆள் வேணும், வாறீங்களோ' எண்டு கேக்கிறான். அவனுக்கு முத்தத்திலை வைச்சுச் சாப்பாடு குடுத்தவன் நான். அவனிட்டை நான் கூலிக்குப் போறதோ?"

"நீங்கள் அவருக்கு என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டோம்.

"யோசிச்சுச் சொல்லுறன் எண்டனான்."

நாம் புத்தி சொல்லவில்லை. மத்தேயு நற்செய்தியை எடுத்து அந்த உவமையை வாசித்தோம். முதலில் வந்தவர்கள் கடைசியாவதும் கடைசியானவர்கள் முதலாவதும் என்ற முடிவுக்கு வந்ததும் அவர் கையை உயர்த்தி மறித்தார். "போதும் சுவாமி" என்றார். வெகுநேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் வேலைக்குப் போயிருக்கிறார் என்று மனைவி சொன்னார். மத்தியானம் அந்த மேசன் தன்னுடைய சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து ஒரே தாளில் இருவருக்குமாக வைத்தாராம். அதைச் சொல்லும்போது அந்த அம்மாவின் கண் கலங்கியது. 2012ஆம் ஆண்டில் காணி விடுவிக்கப்படும்வரை அவர் சீமெந்து குழைத்தார். ஊருக்குப் போகுமுன் குருமனைக்கு வந்து விடைபெற்றபோது சொன்னார்: "ஆண்டவருக்கு விலாசம் தெரிஞ்சுதான் இருந்தது சுவாமி. அவர் அனுப்பின ஆளைத்தான் எனக்கு அடையாளம் தெரியேல்லை."

எல்லோருடைய கதையும் இப்படி முடிந்தது என்று எழுதினால் அது பொய். எமது தகப்பனார் கேட்ட வேலை அந்தப் போகத்தில் கிடைக்கவில்லை. இன்றும் சொந்தக் காணிக்குத் திரும்பாத குடும்பங்கள் இருக்கின்றன. செபித்தால் வேலை கிடைக்கும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க எமக்கு அதிகாரம் இல்லை. ஆனால், செபிக்கும் வீட்டில் மண்வெட்டிக்கு மண் பூசத் தேவையில்லை. உண்மையைச் சொல்ல ஓரிடம் இருந்தால், உதவி கேட்க வாய் வரும். உதவி வந்து நிற்கும்போது படலையைத் திறக்கக் கையும் வரும்.

நாளை விடியற்காலையில் சந்திக்குப் போகுமுன் இவ்வாறு செபியுங்கள்:

ஆண்டவரே, இன்று வேலை தேடிப் போகிறோம். எங்கள் கைகளுக்கு நேர்மையான வேலை தாரும். கிடைத்தால், கிடைக்காதவரை மறவாதிருக்கச் செய்யும். கிடைக்காவிட்டால், வீட்டுக்குத் தலைநிமிர்ந்து திரும்பும் துணிவைத் தாரும். நீர் யாரை அனுப்பினாலும் அவரை அடையாளம் காண எங்கள் கண்களைத் திறந்தருளும். ஆமென்.

குழுவாகச் சிந்திக்க:

1. எமது கிராமத்தில் இப்போது வேலையில்லாமல் இருப்பவர்கள் யார்? அவர்களிடம் கடைசியாக எப்போது பேசினோம்?

2. வேலை பற்றிய செய்தியை எல்லோருக்கும் அறிவிக்க, ஞாயிறு திருப்பலிக்குப் பின் என்ன ஒழுங்கு செய்யலாம்?

3. யாரிடமிருந்து உதவி பெற எமக்குக் கூச்சம்? ஏன்?